ஆங்கிலத்தில் தடுமாறும் மகளுக்குப் பிரெஞ்சு துணையா, பகையா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "என் மகள் கிரேட் 9 படிக்கிறாள். பிரெஞ்சில் கெட்டிக்காரி. ஆங்கிலக் கட்டுரையில் மட்டும், பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் சொற்களை மாற்றி மாற்றி எழுதிவிடுகிறாள். டியூஷன் ஆசிரியை நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். மனப்பாடம் செய்த பிறகு தவறுகள் கூடித்தான் போயின. இதற்கு விதி ஏதாவது உண்டா? பிரெஞ்சுப் பத்திரிகை வாசிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்லலாமா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிய கட்டுரையில் சிவப்பு மையால் வட்டமிட்ட சொற்களில் பெரும்பாலானவற்றை, தனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் கேட்டுப் பார்த்திருந்தாலே அவள் சரியாக எழுதியிருப்பாள். சில இடங்களில்தான் பிரெஞ்சு அவளை ஏமாற்றியிருக்கிறது. எங்கே அதை நம்பலாம், எங்கே கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பதற்கு இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவை, நீதிமன்றம், சமையற்கட்டு என்று எல்லா வாசல் வழியாகவும் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் புகுந்தன. பின்னாளில் அங்கிருந்த படிப்பாளிகள் லத்தீனிலிருந்து நேரடியாகவும் அள்ளிக்கொண்டார்கள். ஒரே வேரிலிருந்து ஒரு சொல் பிரெஞ்சு வழியாக வந்தது, இன்னொன்று நேராக வந்தது, மூன்றாவது இத்தாலியைச் சுற்றிக்கொண்டு வந்தது. வந்தவை எல்லாம் ஓரெழுத்து வித்தியாசத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. இது இங்கிலாந்தின் கதை.

நம் தீவில் நடந்தது அதற்கு நேர் எதிர். 1810 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தபோது, இங்குள்ளவர்களின் மதத்திலும் சட்டத்திலும் வழக்கத்திலும் கைவைப்பதில்லை என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். பிரெஞ்சு அப்படியே நிலைத்தது. ஆங்கிலம் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. சட்டமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம், ஆனால் உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது. லா பூர்தொன்னே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டதால், தமிழர்களில் ஒரு சாராருக்கு இந்தத் தீவில் ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சுதான் பழைய உறவு. ஆக, உங்கள் மகளுக்கு வீட்டில் பிரெஞ்சை அடியாகக் கொண்ட கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, பாடநூலில் ஆங்கிலம், மொழி வகுப்பில் தமிழ். ஆங்கிலப் பாடநூலில் ஒரு சொல்லைப் பார்க்கும்போது அதன் பிரெஞ்சு உருவத்தை அவள் ஏற்கெனவே எங்கோ பார்த்திருப்பாள். இலண்டனில் அச்சாகும் பயிற்சி நூல்கள் இந்த விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

தமிழ் வகுப்பில் மயங்கொலிச் சொற்கள் படித்திருப்பாள் அல்லவா? அரம், அறம், பனி, பணி, வலி, வழி. அங்கே வாய் சரியாக உச்சரித்தால் கை சரியாக எழுதிவிடும். ஆங்கிலச் சொற்களில் சிலவற்றுக்கும் அதே வைத்தியம் பலிக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காது உதவுகிறதா என்பதுதான். 'அறிவுரை' என்ற பெயர்ச்சொல்லான அட்வைஸ் சி எழுத்தோடு எழுதப்படும். அதன் முடிவு பாம்பு சீறுவதுபோல் அழுத்தமான ஒலி. 'அறிவுரை கூறு' என்ற வினை எஸ் எழுத்தோடு எழுதப்படும். அதன் முடிவு தேனீ ரீங்கரிக்கும் இசட் ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'அட்வைஸ்' என்றுதான் எழுத முடிகிறது, அதுவே நம் பிள்ளைகளின் காதை மழுங்கடித்துவிடுகிறது. இந்த ஒரு ஜோடியை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கிவிட்டால், ஒலி உதவாத வேறு இரண்டு ஜோடிகளும் கைக்குள் வந்துவிடும். 'பயிற்சி' என்ற பெயர்ச்சொல் பிராக்டிஸ் சி-இ என்று முடிகிறது, 'பயிற்சி செய்' என்ற வினை எஸ்-இ என்று. 'உரிமம்' என்ற லைசென்ஸ் சி-இ என்று, 'உரிமம் வழங்கு' என்பது எஸ்-இ என்று. இவற்றில் காதுக்கு வேற்றுமையே தெரியாது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அட்வைஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: சீறினால் சி, ரீங்கரித்தால் எஸ். ஓட்டுநர் உரிமத்துக்குச் சி. பிரெஞ்சிலும் லிசான்ஸ் சி-இ என்றுதான் முடிகிறது, சாட்சி வலுவாகவே இருக்கிறது.

'இழ' என்ற லூஸும் 'தளர்ந்த' என்ற லூஸும் இதே கதைதான். ஒற்றை ஓ போட்ட 'இழ' ரீங்கரிக்கும். இரட்டை ஓ போட்ட 'தளர்ந்த' சீறும். எழுத்தைப் பார்த்தால் எதிர்மாறாகத் தோன்றும், அதனால்தான் குழப்பம். இவை பிரெஞ்சிலிருந்து வந்தவை அல்ல. இங்கே எந்த உறவினரையும் கூப்பிட முடியாது. 'அமைதி' என்ற குவையட்டும் 'ஓரளவு, முற்றிலும்' என்று இடத்துக்கேற்பப் பொருள்படும் குவைட்டும் அசை எண்ணிக்கையிலேயே வேறு: ஒன்றை இரண்டு தட்டாகத் தட்டலாம், மற்றதை ஒரே தட்டு. விரலால் மேசையைத் தட்டச் சொல்லிப் பாருங்கள்.

பாலைவனம் என்ற டெசர்ட்டும், சாப்பாட்டுக்குப் பின் தரும் இனிப்பு என்ற டிசர்ட்டும் கொஞ்சம் வில்லங்கமானவை. பிரெஞ்சு படித்த பிள்ளைக்கு ஒரு விதி ரத்தத்தில் ஊறியிருக்கும்: இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் ரீங்காரம், இரட்டை எஸ் வந்தால் சீற்றம். அதன்படி பிரெஞ்சில் பாலைவனம் ரீங்கரிக்கும், இனிப்பு சீறும். ஆங்கிலத்தில் இரண்டுமே ரீங்கரிக்கின்றன! இரட்டை எஸ் போட்டும் ரீங்கரிக்கிற இந்த இனிப்பு, நம் பிள்ளைகளின் கைவிரலை ஒற்றை எஸ் பக்கம் இழுக்கிறது. இந்த இடத்தில் பிரெஞ்சுக் காதை மூடிக்கொண்டு பிரெஞ்சு எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். இனிப்பின் பெயர் சாப்பிட்ட மேசையைத் துப்புரவாக்குவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இரட்டை எஸ் அங்கிருந்தே வருகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் இடமும் வேறு: பாலைவனத்துக்கு முதல் அசையில், இனிப்புக்கு இரண்டாம் அசையில். 'கைவிட்டு ஓடு' என்ற வினைக்கு ஒற்றை எஸ்தான், ஆனால் அழுத்தம் இனிப்பைப்போல் இரண்டாம் அசையில். ஒருவன் தன் செயலுக்கேற்ற பலனை அடைந்தான் என்று சொல்லும் 'ஜஸ்ட் டிசர்ட்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரிலும் ஒற்றை எஸ்தான்; பொருளில் அதற்கும் இனிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகளே அதில் இரட்டை எஸ் போட்டு மாட்டிக்கொள்வதுண்டு.

இனிக் காதுக்கு எட்டாத ஜோடிகள். பிரெஞ்சு தன் முழு மதிப்பையும் காட்டுவது இங்கேதான்.

'கோட்பாடு' என்ற பிரின்சிபிளையும் 'முதன்மையான' என்ற பிரின்சிபலையும் உங்கள் மகள் எல்லா இடத்திலும் மாற்றி எழுதியிருக்கிறாள். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் உபாயம் ஒன்று உண்டு: பள்ளித் தலைவர் உன் தோழர், 'தோழர்' என்ற சொல் அந்தச் சொல்லின் வாலில் இருக்கிறது என்பார்கள். நம் ஊரில் இது எடுபடாது. நம் இடைநிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரை ரெக்டர் என்றல்லவா அழைக்கிறோம்? ரெக்டரைத் தோழராக நினைக்கும் பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக அவளிடம் பிரெஞ்சில் கேளுங்கள். 'கொள்கையளவில்' என்பதற்கு 'ஆன் ப்ரான்சீப்' என்று தினமும் சொல்கிறோம்; அதன் வாலில் ஏ-யும் இல்லை, எல்-லும் இல்லை, இ-தான் முடிவு. கோட்பாட்டுக்கு ஆங்கிலத்திலும் இ-தான் கடைசி எழுத்து. 'ரூ ப்ரான்சிபால்', அதாவது முதன்மைச் சாலை என்பதில் ஏ இருக்கிறது. ஆங்கிலத்தில் முதன்மையானதற்கும் ஏ. வங்கிக் கடனில் வட்டி போக மிஞ்சும் அசலும் இந்த ஏ போட்ட சொல்தான், ஏனென்றால் அது கடனின் முதன்மைப் பகுதி.

'பாதிப்பு' என்ற பொருளில் வரும் ஜோடி உலகம் முழுவதையும் அலைக்கழிப்பது: அஃபெக்ட், எஃபெக்ட். பிரெஞ்சு தெரிந்தவர்கள் இதில் தவறுவதற்குக் காரணமே இல்லை. விளைவுக்குப் பிரெஞ்சுப் பெயர்ச்சொல் 'எஃபே', இ-யில் தொடங்குகிறது. பாதிப்பதற்குப் பிரெஞ்சு வினை 'அஃபெக்தே', ஏ-யில் தொடங்குகிறது. ஆங்கிலமும் அப்படியே. புயல் கரும்பைப் பாதித்தது என்றால் ஏ. புயலின் விளைவு என்றால் இ. 'ஒரு மாற்றத்தை நிகழ்த்து' என்ற பொருளில் இ போட்ட சொல் வினையாகவும் வரும் என்பது உண்மை. அது அலுவலக ஆங்கிலம். கிரேட் 9-க்கு அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

இன்னொன்று காம்ப்ளிமென்ட். பாராட்டு என்றால் ஐ, நிறைவு செய்வது என்றால் இ. இரண்டுக்கும் வேர் 'நிரப்பு' என்ற ஒரே லத்தீன் வினை. பாராட்டுப் பொருளில் வரும் சொல் ஸ்பெயினையும் இத்தாலியையும் சுற்றிவிட்டுப் பிரெஞ்சுக்கு வந்ததால் நடுவெழுத்து மாறிப்போனது. இதற்கு நம் பிள்ளைகளிடம் கைவசம் இருக்கும் சாவி பிரெஞ்சு இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. நேரடிச் செயப்படுபொருளைப் பிரெஞ்சில் 'கொம்ப்ளெமான் தொப்ழே திரெக்த்' என்று எத்தனை முறை அடிக்கோடிட்டிருப்பாள்! வினையை நிறைவு செய்வது அது. இ எழுத்து அங்கேயே இருக்கிறது. ரெக்டர் பாராட்டினார் என்றால் ஐ. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு தவறிய மாணவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

இதுவரை பிரெஞ்சு நல்ல சாட்சி. ஆனால் பிரெஞ்சில் ஒரே சொல் இருந்து, ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிந்த இடங்களில் சாட்சி வாய் திறக்காது. 'கோன்செய்' என்ற பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சி மன்றமும் கோன்செய்தான், பாட்டி சொல்லும் புத்திமதியும் கோன்செய்தான். லத்தீனில் கூட்டத்துக்கு ஒரு சொல், ஆலோசனைக்கு வேறொரு சொல் இருந்தது. பிரெஞ்சு அன்றாடப் பேச்சில் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டது. ஆங்கிலம் இரண்டையும் தனித்தனியாகக் காப்பாற்றியது: மன்றம் சி-ஐ-எல் என்று முடியும், ஆலோசனையும் அதைத் தரும் வழக்கறிஞரும் எஸ்-இ-எல் என்று முடிவார்கள். தமிழில் 'கவுன்சில்', 'கவுன்சல்' என்று எழுதிக்கொள்ளலாம், ஆங்கிலேயர் உச்சரிப்பில் வித்தியாசம் ஏறக்குறையத் தெரியாது. நம் நாட்டில் இதை நினைவில் வைக்க நல்ல வழி இருக்கிறது. மொரிஷியஸ் வழக்குகளின் இறுதி மேல்முறையீடு இன்றும் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. அது ஒரு மன்றம், சி. அங்கே எழுந்து நின்று வாதாடுபவர் சீனியர் கவுன்சல்; எஸ். கிராம மன்றம், மாவட்ட மன்றம், நகராட்சி மன்றம் எல்லாமே சி. 'மனநல ஆலோசகர்' எஸ். செய்தித்தாளில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

'அஸ்யூரே' என்ற பிரெஞ்சு வினையும் இப்படித்தான் ஆங்கிலத்தில் மூன்றாகப் பிளந்தது. ஒருவருக்கு வாக்குறுதி தந்து மனத்தைத் தேற்றும் அஷூர் ஏ-யில் தொடங்கும்; ஒரு காரியம் நடக்கும்படி உறுதி செய்யும் என்ஷூர் இ-யில்; வீட்டுக்கும் காருக்கும் காப்பீடு எடுக்கும் இன்ஷூர் ஐ-யில். போர்ட் லூயிஸில் காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் பிரெஞ்சு வழக்கம்போல் ஏ எழுத்தைக் காணலாம். அதைப் பார்த்து எழுதினால் ஆங்கிலக் கட்டுரையில் வட்டம் விழும். 'திஸ்க்ரே' என்பதும் அப்படியே. அடக்கமாக, பிறர் ரகசியத்தை வெளியிடாமல் நடந்துகொள்பவர் ஒரு டிஸ்க்ரீட். கணக்குப் பாடத்தில் தொடர்ச்சியற்ற தனித்தனி மதிப்புகள் இன்னொரு டிஸ்க்ரீட். இரண்டாவதில் டி என்ற கடைசி மெய் இரண்டு இ-களுக்கு நடுவே நின்று அவற்றைப் பிரித்து வைக்கிறது. பிரிந்து நிற்பதற்குப் பிரிந்து நிற்கும் எழுத்துகள். முன்னதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

'என் சொந்தக் கருத்து' என்று எழுத வந்த இடத்தில் உங்கள் மகள் 'என் ஊழியர் கருத்து' என்று எழுதியிருக்கிறாளே, அது முழுக்க முழுக்கப் பிரெஞ்சின் கைவேலை. பிரெஞ்சில் 'பெர்சொனெல்' என்றால் சொந்தமானது என்றும் பொருள், ஊழியர்கள் என்றும் பொருள். இரட்டை என், இ. ஆங்கிலம் அந்தப் பிரெஞ்சு உருவத்தை ஊழியர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, சொந்தமானதற்கு ஒற்றை என், ஏ என்று வைத்துக்கொண்டது. 'இஸ்தொரிக்' என்பதற்கும் இரண்டு வாரிசுகள். வரலாற்றில் முக்கியமானது 'ஹிஸ்டாரிக்' என்ற குட்டையான சொல். வரலாற்றைச் சேர்ந்தது, வரலாற்றைப் பற்றியது 'ஹிஸ்டாரிக்கல்' என்ற நீளமான சொல். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் வரலாற்று முக்கியத்துவம் உள்ள இடம், 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது, அதற்குக் குட்டை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் வரலாற்று ஆவணங்கள், அவற்றுக்கு நீளம். பொருளாதாரம் சார்ந்தது குட்டை, சிக்கனமானது நீளம் என்பதும் ஏறக்குறைய இதே வழி.

எல்லாவற்றிலும் குறும்பானது மொரால். பிரெஞ்சில் 'ல மொரால்' என்று ஆண்பாலில், இ இல்லாமல் எழுதினால் மனத்தெம்பு. 'லா மொரால்' என்று பெண்பாலில், இ சேர்த்து எழுதினால் ஒழுக்கநெறி, கதை சொல்லும் நீதி. ஆங்கிலத்தில் அப்படியே தலைகீழ். இ இல்லாதது நீதி, இ உள்ளது தெம்பு. ஆங்கிலேயர் தெம்பைக் குறிக்கும் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தபோது, அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும் என்று காட்டுவதற்காக ஓர் இ-யை ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிய இடம் மற்ற சொல்லின் வேலிக்குள் போய்விட்டது. கால்பந்து அணியின் தெம்பு உயர்ந்தது என்று எழுத நினைத்து அணியின் ஒழுக்கம் உயர்ந்தது என்று எழுதுவது இதனால்தான். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் இதில் கட்டாயம் தவறும். இந்த ஒன்றுக்கு மட்டும் 'பிரெஞ்சுக்கு எதிர்' என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுரையில் அதுவும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைச் சரியாகவே எழுதுகிறாள், ஆனால் பிரெஞ்சுப் பொருளில். இந்த வகைத் தவறில் பெரியவர்களும் விழுகிறோம். எங்கள் பகுதிக் கோவில் ஒன்றின் நிர்வாகக் குழு, தைப்பூசக் காவடிக்கு முன் தயாரித்த இரண்டு ஆங்கிலக் கடிதங்களை என்னிடம் காட்டியது. ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும் கடிதம் 'நாங்கள் அனுமதியைக் கட்டாயமாகக் கோருகிறோம்' என்ற தொனியில் தொடங்கியது. பிரெஞ்சில் 'தமாந்தே' என்பது வெறுமனே கேட்பது. ஆங்கிலத்தில் டிமாண்ட் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்பது. பக்திப் பழமாக எழுதிய கடிதம் தொழிற்சங்க அறிக்கைபோல் ஆகிவிட்டது. ஊர்வலம் 'எவென்சுவலி' பெரிய சாலை வழியாகப் போகும் என்றும் இருந்தது. எழுதியவர் நினைத்தது 'தேவைப்பட்டால் போகக்கூடும்' என்ற பிரெஞ்சுப் பொருள். ஆங்கிலத்தில் வாசிப்பவர் 'கடைசியில் போயே தீரும்' என்றுதான் புரிந்துகொள்வார். அனுமதி தரும் அதிகாரிக்கு இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது கடிதம் விருந்தினர்களுக்கு அழைப்பு. பூசைக்கு வந்து 'அசிஸ்ட்' செய்யுமாறு கேட்டிருந்தார்கள். பிரெஞ்சில் அது கலந்துகொள்வது. ஆங்கிலத்தில் கூடமாட உதவுவது. இதை விளக்கியபோது குழுவின் மூத்தவர், "வருகிறவர்கள் பாத்திரம் கழுவினால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?" என்று கேட்டார். கடிதத்தைத் திருத்தித்தான் அனுப்பினோம்.

இதே கூட்டத்தைச் சேர்ந்தவை இன்னும் உண்டு. ஆக்சுவலி என்றால் 'உண்மையில்'; பிரெஞ்சு உருவத்தின் பொருள் 'தற்போது'. சென்சிபிள் என்றால் ஆங்கிலத்தில் விவேகமுள்ளவர். பிரெஞ்சில் எளிதில் மனம் நோகிறவர். 'என் அம்மா மிகவும் சென்சிபிள்' என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில் நீங்கள் தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுவதாகவும் எழுதியிருப்பதால், எந்தப் பொருளில் எழுதினாள் என்று தெரிந்துவிட்டது. கியூர்பிப்பிலுள்ள கார்னகி நூலகம் லைப்ரரி. புத்தகம் விற்கும் கடை லிப்ரெரி. கிராண்ட் பேயில் 'லொக்காசியோன்' என்று பலகை வைத்திருப்பவர்கள் காரை வாடகைக்கு விடுகிறார்கள். இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. மாணவர்களை உண்மையிலேயே சிக்கலில் மாட்டிவிடுவது 'பாஸே'. பிரெஞ்சில் தேர்வைப் 'பாஸே' செய்தேன் என்றால் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள். தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்த அன்றே ஆங்கிலத்தில் 'பாஸ்' செய்துவிட்டேன் என்று எழுதும் பிள்ளை, முடிவு வருமுன்பே தேர்ச்சியை அறிவித்துவிடுகிறது.

பொருளில் மாற்றமில்லாமல் எழுத்தில் மட்டும் வேறுபடுவனவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1968 மார்ச் 12-ஐக் கொண்டாடும் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிச் சுவரில் இந்தத் தவறு தொங்கும்: விடுதலை என்ற இண்டிபெண்டன்ஸின் வாலில் பிரெஞ்சுக்கு ஏ, ஆங்கிலத்துக்கு இ. 'சார்ந்திருக்கிற' என்ற ஆங்கிலப் பெயரடைக்கும் இ-தான். பிரிட்டிஷ் வழக்கில் ஒருவரைச் சார்ந்து வாழும் குடும்ப உறுப்பினரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் ஏ. பொறுப்புள்ளவருக்கு ஆங்கிலத்தில் ஐ, பிரெஞ்சில் ஏ. வசதியான என்ற கம்ஃபர்டபிளுக்கு ஆங்கிலத்தில் எம், பிரெஞ்சில் என். முகவரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு டி, பிரெஞ்சில் ஒன்று. எடுத்துக்காட்டுக்கு ஆங்கிலத்தில் நடுவே ஏ, பிரெஞ்சில் இ. இவற்றுக்குக் காரணம் தேடுவதைவிடச் சொல்வதெழுதுதல் நடத்துவது மேல்.

காகிதம், பேனா, உறை விற்கும் ஸ்டேஷனரியையும், அசையாமல் நிற்கும் ஸ்டேஷனரியையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். உங்கள் மகள் 'அசையாத கடை'யில் பென்சில் வாங்கியிருக்கிறாள். கடைக்கு நாம் பிரெஞ்சுப் பெயரைத்தான் சொல்கிறோம், அதனால் பிரெஞ்சு இங்கே கை கொடுக்காது. கதை கை கொடுக்கும். இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் சந்தை சந்தையாக அலைந்தார்கள். பல்கலைக்கழக ஊர்களில் புத்தகம் விற்றவர்கள் ஒரே இடத்தில் கடை போட்டு நின்றார்கள். 'நிலையாக நிற்பவர்' என்ற லத்தீன் சொல் அவர்களுக்குப் பெயரானது. அவர் விற்ற பொருள் இ-ஆர்-ஒய் என்று முடிகிறது. விற்பவரின் பெயர் இ-ஆர் என்று முடிவதால். அசையாததற்கு ஏ-ஆர்-ஒய். ஆக, அவள் எழுதிய 'அசையாத கடை' வரலாற்றின்படி பார்த்தால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் மதிப்பெண் கிடைக்காது. பூவும் கோதுமை மாவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி பெறுவதும் இப்படித்தான்: சலித்தெடுத்த நயமான மாவைப் பிரெஞ்சில் 'மாவின் பூ' என்பார்கள், அதை எடுத்துக்கொண்ட ஆங்கிலம் பிற்பாடு எழுத்தை மட்டும் பிரித்தது.

'அதனுடைய' என்பதற்கும் 'அது இருக்கிறது' என்பதற்கும் உள்ள அந்த இட்ஸ், அப்பாஸ்ட்ரஃபி குறி விவகாரத்தில் தந்திரம் எதுவும் தேவையில்லை. குறி போட்ட இடத்தில் விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் உடைந்தால் குறியை எடுத்துவிட வேண்டும்.

இப்போது அந்தப் பட்டியல். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சொற்களை ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் மூளை இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிடும். தேர்வு நேரத்தில் முடிச்சு வரும், எது எது என்பது வராது. மனப்பாடத்துக்குப் பிறகு தவறு கூடியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மகளின் சோம்பல் அல்ல. ஜோடியில் அதிகமாகப் பயன்படும் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். 'புயலின் விளைவு' என்பதுபோல் அவள் வாயில் இயல்பாக வரும் முழுத் தொடராக, மூன்று நான்கு வாக்கியங்களில் வைத்து எழுதட்டும். அது கைக்குப் பழகிய பிறகு, சில வாரம் கழித்து மற்றதைத் தொடலாம். அப்போது ஒன்று பழைய நண்பன், மற்றது புதியவன். ஆள் மாறாட்டம் நடக்காது. பட்டியலில் அவள் ஒருபோதும் தவறாத ஜோடிகளும் நிறைய இருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துத் தெரியாததாக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

கணினியில் கட்டுரை தட்டச்சு செய்கிறாள் என்றால், எழுத்துத் திருத்தியின் மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமே முன்கூட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்கர்கள் உரிமத்துக்குப் பெயர்ச்சொல், வினை இரண்டிலும் எஸ் போடுவார்கள், பயிற்சிக்கு இரண்டிலும் சி போடுவார்கள். நாம் மேலே சொன்ன சீறலும் ரீங்காரமும் அங்கே செல்லாது. சரியாக எழுதியதன் கீழே சிவப்புக் கோடு விழும், பிள்ளை பயந்து மாற்றிவிடும். கிரேட் 11-இல் அவள் எழுதப்போகும் ஸ்கூல் சர்டிபிகேட் கேம்பிரிட்ஜுடையது. பள்ளியில் பழக்குவதும் பிரிட்டிஷ் எழுத்துமுறைதான். மொழியை மாற்றிய பிறகும், கோட்பாட்டையும் முதன்மையையும் அவள் மாற்றி எழுதினால் பல திருத்திகள் கோடு போடாது, இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால். அந்த வகைத் தவறுகளுக்கு, எழுதிய கட்டுரையை மறுநாள் காலையில் அச்செடுத்து, பென்சிலும் கையுமாக அவளே ஒருமுறை உரக்க வாசிப்பதுதான் வழி.